அணில் போட்ட இருபது சதவீதம்

எறும்பு ஒன்று தன் கூட்டத்துக்காகச் சேர்த்த நூறு அரிசிமணிகளை மரப்பொந்திலிருந்த அணிலிடம் ஒப்படைத்திருந்தது. பசி தாங்காத அணில் அதில் இருபது சதவீதத்தைத் தின்றுவிட்டது. பிறகு மனம் உறுத்தவே, மிச்சமிருந்ததில் இருபது சதவீதம் எவ்வளவென்று பார்த்து, அவ்வளவையும் பொறுக்கி வந்து போட்டது. எடுத்ததும் இருபது, போட்டதும் இருபது என்று நிம்மதியாகத் தூங்கியது.

மழை பிடித்துக்கொண்டது. எறும்பு தன் கூட்டத்தோடு வந்து மணிகளை வாங்கி, நூறு பேருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்கத் தொடங்கியது. கடைசியில் நின்ற நான்கு குட்டி எறும்புகளுக்கு இல்லை.

"நான்தான் தப்பா எண்ணியிருப்பேன். நீங்க பத்திரமாத்தான் வச்சிருந்தீங்க அண்ணே" என்றது எறும்பு.

அணிலுக்கு முகம் சுண்டிப்போனது. போடவேண்டிய சதவீதத்தை எக்ஸ் என்று வைத்து மனதுக்குள் கணக்குப் பார்த்தது. எண்பதில் எக்ஸ் சதவீதம் இருபதாக வேண்டும். அப்படியானால் எக்ஸ் இருபத்தைந்து. தான் போட்டதோ பதினாறே மணிகள்.

"நீ சரியாத்தாம்மா எண்ணியிருக்கே. தின்னது நான். திருப்பி வச்சதும் குறைச்சல்" என்றது அணில்.

எறும்பு குட்டிகளைப் பக்கத்தில் கூப்பிட்டது. தன் பங்கை நாலாக உடைத்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது. அதைப் பார்க்க முடியாமல் அணில் கொட்டும் மழையில் அரிசி தேடி இறங்கியது.