மூணு நாள் வேலை

பாலுசாமி தன் காரின் இஞ்சின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவர்களைக் கழற்றி, மொட்டை மாடியில் பரப்பி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரமே ஆன சாமுவேல், தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, பட்டறையில குடுத்தா ஒரு மணி நேரத்துல பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருவாங்களே?”

“அதானுங்க பிரச்சனையே!” பாலுசாமி உப்புத்தாளைக் கீழே வைத்தார். “ஒரு மணி நேரத்துல என்னத்தைங்க அடிக்கறது? எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவோணும், தேய்க்கோணும், பிரைமர் அடிச்சுக் காய வெக்கோணும். அப்புறந்தான் ஸ்பிரே. எனக்கு இது மூணாவது நாளுங்க.”

“பட்டறையில இதெல்லாம் செய்ய மாட்டாங்களா?”

“எவன் செய்யறான்? அழுக்கு மேலயே அடிச்சு உட்டுருவானுங்க. இஞ்சின் சூட்டுக்கு ரெண்டே மாசத்துல வெங்காயத் தோலாட்ட உரிஞ்சு வந்துரும். போய்க் கேட்டா, வண்டிய வெயில்ல நிறுத்துனீங்களான்னு நம்மளையே திருப்பிக் கேப்பானுங்க.”

சாமுவேல் நெஞ்சில் கை வைத்தார். “நல்லவேளை சொன்னீங்க. என்ற வண்டிய நாளைக்குப் பட்டறையில உடறதா இருந்தேன். இனி நானும் ஊட்டுலயே அடிச்சுக்கறேனுங்க.”

பாலுசாமி பதறி எழுந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்? பெரியநாயக்கன்பாளையத்துல நம்ம சொந்தப் பட்டறை இருக்குதுங்க. காலையில வண்டிய உடுங்க, ஒரே மணி நேரத்துல அடிச்சுக் குடுக்கச் சொல்றேன்.”