சீட்டு மடிக்கத் தெரிந்தவன்

நியூயார்க், 1828 நவம்பர். வண்டிக்காரர் ஹிராம் என் சவரக்கடைக்குள் துள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சீக்கிரம் வழிச்சு விடு, பிரைமஸ். என் முதல் ஓட்டு, அதுவும் ஜனாதிபதிக்கு! இனிமே சாதாரண ஜனங்க ராஜ்யம்தான்!”

சட்டைப்பையிலிருந்து அச்சடித்த ஓட்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். “கட்சிக்காரன் கொடுத்தான். எவனையும் நம்ப முடியலை. யார் பேரு இருக்குன்னு படி.”

நுரை பூசியபடியே படித்துச் சொன்னேன்.

“இதை எப்படி மடிச்சுக் கொடுக்கணும்?” என்று கேட்டவர், உடனே சிரித்துவிட்டார். “உன்கிட்டப் போய்க் கேக்கறேன் பாரு! ஓட்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

“நாலு தடவை போட்டிருக்கேன், ஐயா.”

கத்திக்குக் கீழே அவர் தாடை அசையாமல் நின்றது. “நீயா? எப்போ?”

“சொத்து இருக்கறவனுக்குத்தான் ஓட்டுன்னு இருந்த காலத்துல. எனக்கு இந்தக் கடை இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. வெளியே நின்னு வேடிக்கை பார்த்தீங்க.”

“அப்புறம்?”

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி சட்டத்தை மாத்தினாங்க. வெள்ளைக்காரங்களுக்குச் சொத்து வேண்டாம், வரி கட்டினாப் போதும்னாங்க; ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த வரியும் வேண்டாம்னு ஆச்சு. ஆனா அன்னிக்கு எழுதின அதே காகிதத்துல, என்னை மாதிரி கறுப்பனுக்கு மட்டும் இருநூத்தம்பது டாலர் சொத்து வேணும்னு எழுதிட்டாங்க. இந்தக் கடை அதுல பாதிகூடப் பெறாது.”

சவரம் முடிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வாசல்வரை போனவர், திரும்பி வந்து சீட்டை நீட்டினார்.

“அப்போ உனக்கு மடிக்கத் தெரியும்தானே?”

பெயர்கள் உள்ளே இருக்கும்படி மடித்துக் கொடுத்தேன்.