அக்கா ஏறிவிட்டாள்

“என்னையும் அந்தப் பக்கம் ஏத்தி விட்டுடுடா தம்பி. இங்க தனியா விட்டுட்டுப் போயிடாத.”

அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று அக்கா கெஞ்சினாள். காலையிலிருந்து பலர் இதையே கேட்டுவிட்டார்கள். ஒரே அலுவலகம் என்றாலும், இவளும் வந்து நிற்பாள் என்று அவன் நினைக்கவில்லை.

அலுவலகத்தின் நடப்புத் திட்டங்கள் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும் நாள் அது. பொதுப் பட்டியலில் உள்ள ஊழியர் பெயர்களை முதலில் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் அவர்களுடைய வேலைகள் போகும். கையில் நடப்பு வேலை இல்லாதவர் பெயரை ஏற்றக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. அக்கா முடிந்துபோன திட்டங்களைப் பராமரிப்பவள். அவள் பெயருக்கு எதிரே வெறுமைதான் இருந்தது.

“நான் என்னக்கா பண்ணட்டும்? சொன்னதைச் செய்யற ஆளு நான்.”

“பழசை மூடிடுவாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. பேரே இல்லன்னா வேலை எங்கடா இருக்கும்? உங்க மாமா வீட்டுல உட்கார்ந்து வருஷமாகுது. நான் யார் யார்கிட்டயோ பல்லை இளிச்சுதான் உன்னை இந்தச் சீட்டுல உட்கார வச்சேன், ஞாபகம் இருக்கா?”

அவன் பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தான். அவன் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது. மேனேஜர் தன்னுடைய சொந்தப் பெயரை மட்டும் ஏற்றச் சொல்லவே இல்லை. பெரியவர்களுக்கு எதற்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டான்.

நடப்பில் இருந்த ஒரு பாலத் திட்டத்தைத் திறந்தான். ‘சரிபார்ப்பு’ என்று இல்லாத வேலை ஒன்றை எழுதி, அதில் அக்காவின் பெயரைச் சேர்த்தான். திரையில் பெயர்கள் மெல்ல நகர்ந்தன.

“ஏறிட்டேனா?”

“ஏறிட்டக்கா. மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பு. மேனேஜர் பார்த்தா ரெண்டு பேர் சீட்டும் கிழியும்.”

“திருட்டுப் பயலே” என்று அவன் தலையில் தட்டினாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மாலையில் மேனேஜர் வந்தார். கதவைச் சாத்தினார்.

“இனிமே மறைக்க ஒண்ணுமில்ல தம்பி. புது சர்வர் நமக்கில்ல. அதுல இருக்கிற வேலை மொத்தத்தையும் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்க. ஏறின பேருக்கெல்லாம், நாளையிலேருந்து வர வேண்டாம்னு லெட்டர் போயாச்சு.”

அவன் கைகள் விசைப்பலகையை விட்டு விலகின. “எனக்குமா சார்?”

“உனக்கும்தான். மேலிடம் கையெழுத்து போட்டாச்சு, இனி யார் கால்ல விழுந்தாலும் நடக்காது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பழைய சர்வர் நம்மகிட்டயேதான் இருக்கும், அதுல இருக்கிறவங்களுக்கு வேலையும் இருக்கும். உங்க குடும்பத்துக்கு ஒரு சம்பளமாவது மிஞ்சும்னு நினைச்சேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் காட்டினார்.

“உங்க அக்கா பேரு எப்படிப்பா இதுல வந்துச்சு?”