பன்னிரண்டு முறை விழுந்த விமானம்

ஃபென்னாவின் தலைத்தொப்பியில் கடைசி ஒயரைச் செருகுவதற்கு முன்பே டினெகே அறிக்கையின் முடிவை அடித்து வைத்துவிட்டாள். ‘கவனக்குறைபாடு. உறுதி.’

அது அவள் வழக்கம். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்திலுள்ள இந்த மையத்தில் இருபத்தேழு வருஷமாகக் குழந்தைகளின் மூளையலையைப் பதிவு செய்கிறாள். பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வருகிற தினுசிலேயே பாதி தெரிந்துவிடும், மீதியை அலை சொல்லும். அவளைவிட நன்றாக அலை படிக்க இங்கே ஆள் கிடையாது. டாக்டரே அவள் எழுதியதன் கீழேதான் கையெழுத்துப் போடுவார்.

இந்தப் பிள்ளை விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. கவனத்தைப் பழக்குகிற பயிற்சிக்குப் பன்னிரண்டு முறை வந்தாகிவிட்டது. திரையில் ஒரு மஞ்சள் விமானம் ஓடும். மூளை கவனமாக இருந்தால் பறக்கும், அசந்தால் இறங்கும். ஒன்பது வயதுக்காரி விறைப்பாக உட்கார்ந்து, கண்ணை அகல விரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். ஐந்தாவது நிமிஷம் விமானம் கடலில் விழும்.

பன்னிரண்டு முறையும் விழுந்தது.

பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இன்றைய பதிவும் அதையே சொன்னால் திங்கட்கிழமை முதல் மாத்திரை. கோடை விடுமுறைக்குப் பிறகு வேறு பள்ளி. இப்போது அவளோடு சைக்கிளில் வருகிற தோழிகள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

“உடம்பு இங்க இருக்கும், மனசு ஸ்பெயினுக்குப் போயிருக்கும்,” என்று சொல்லித்தான் அப்பா ஷூர்ட் அவளை விட்டுவிட்டுப் போனார். “கொஞ்சம் புடிச்சு இழுத்துட்டு வாங்க டினெகே.” இப்போது சாத்தாத கதவுக்கு வெளியே, நடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர்கள் இரண்டே பேர்தான்.

“கண்ண மூடிக்கோ கண்ணு. அஞ்சே நிமிஷம். தூங்கிடக் கூடாது.”

“நான் தூங்க மாட்டேன்,” என்றாள் ஃபென்னா. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாவது நிமிஷம் அலைகள் மெதுவாகிப் பெருத்தன. எதிர்பார்த்ததுதான். டினெகே காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

அப்புறம் நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய குட்டி அலைக்கற்றை ஒன்று திரையில் ஓடியது. பின்னாலேயே இன்னொன்று.

டினெகே கோப்பையைக் கீழே வைத்தாள். இது கவனச் சிதறலில் வராது. தூக்கத்தில்தான் வரும். காலை பத்து மணிக்கு, தலை நிறையப் பசையும் ஒயருமாக, நேராக உட்கார்ந்தபடியே பிள்ளை தூங்கிவிட்டது.

உடனே எழுப்ப வேண்டும், அதுதான் விதி. அவளுக்குக் கை வரவில்லை. பன்னிரண்டு முறையும் பார்த்த அந்த மெதுவான அலைகள் தூக்கக் கலக்கமாகவே இருந்திருக்கலாம் என்பது இப்போதுதான் உறைத்தது. கொட்டாவி விட்டிருந்தால் கேட்டிருப்பாள். இந்தப் பிள்ளை ஒருநாளும் விட்டதில்லை. கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

நடையில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அலை அசையவில்லை. யாருடைய போனோ அலறி ஓய்ந்தது. அதற்கும் அசையவில்லை. தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. ம்ஹூம்.

பிறகு எங்கிருந்தோ சன்னமாக மூன்று ஒலி. டினெகேயின் காதிலேயே சரியாக விழவில்லை.

திரையிலிருந்த அத்தனை கோடுகளும் ஒன்றாகத் துள்ளின.

ஃபென்னா எழுந்துவிட்டாள். கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. ஒயர்கள் இழுக்க, தொப்பி ஒரு பக்கம் சரிய, கதவைப் பார்த்து நடந்தாள். டினெகே பாய்ந்து ஒயர்களைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

பிள்ளை நடையில் அப்பாவின் காலடியில் இருந்த தன் பள்ளிப் பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்தது. ஆப்பிள் ஜூஸ் டப்பா ஒன்றை எடுத்துக் குழாயைக் குத்தி, அப்பாவின் வாயருகே நீட்டியது.

“குடிப்பா. முழுசா.”

ஷூர்ட் வெளிறியிருந்தார். மறுபேச்சில்லாமல் குடித்தார். பிறகு சட்டைக் கையை ஏற்றி, தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த வட்ட வில்லையைக் காட்டினார்.

“பயப்படாதீங்க, சர்க்கரை வியாதிதான். இது அளந்துக்கிட்டே இருக்கும், சர்க்கரை ரொம்ப எறங்குனா போன் கத்தும். ராத்திரியில எனக்குக் கத்துறதே இல்ல.”

“கத்தும்,” என்றாள் ஃபென்னா.

“எத்தனை தடவ?” என்று டினெகே கேட்டாள்.

“ரெண்டு. சில நாள் மூணு. படுத்தா தூங்கிடுவேன். அதான் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவேன்.”

டினெகே திரும்பி நடந்தாள். உள்ளே போய் நின்றபடியே ‘கவனக்குறைபாடு’ என்பதை அழித்துவிட்டுத் ‘தூக்கமின்மை’ என்று அடித்தாள். ‘உறுதி’ என்பதை அழிக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது ஃபென்னா நாற்காலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஷூர்ட் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில எந்திரிச்சா இதே மாதிரி டப்பா கட்டிலுக்குக் கீழ கெடக்கும்,” என்றார். “தூக்கத்துல நானே எந்திரிச்சுக் குடிச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”