மாமியார் குடித்த டீ

வாயும் வயிறுமாக இருக்கும் மருமகளின் டீயை நாள்தோறும் பிடுங்கிக் குடிக்கும் மாமியாருக்கு, நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன தண்டனை விதிப்பீர்கள்?

எதிர்வீட்டுக்காரி தீர்ப்பை எழுதியே விட்டாள். அதை நிறைவேற்றத்தான், வீடு வீடாக வந்துகொண்டிருந்த நர்ஸைக் கையோடு இழுத்து வந்தாள்.

"ஏழு மாசப் புள்ளத்தாச்சி நர்ஸம்மா! ரத்தமே இல்ல, இப்படியே போனா பிரசவத்துல உயிருக்கே ஆபத்துன்னு போன மாசம் சொன்னீங்களாமே? அவ டீயைப் போய் இந்த மகராசி குடிக்கிறா. நானெல்லாம் என் மருமகளுக்கு மாத்திரையைக்கூட சூடா டீயோடதான் குடுப்பேன்!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

இருவரும் ஜன்னலோரம் நின்றனர். உள்ளே, தையல் மெஷினை விட்டு எழுந்த மருமகள் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாள்; முகம் சுளித்தாள்; டம்ளரில் டீ ஊற்றினாள். உதட்டருகே கொண்டுபோனதுதான் தாமதம், மாமியாரின் கை குறுக்கே வந்தது.

ஒரே மூச்சு. டம்ளர் காலி.

"பாத்தீங்களா அநியாயத்தை!" என்று உள்ளே பாய்ந்தாள் எதிர்வீட்டுக்காரி.

நர்ஸ் மருமகளின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். ரத்த அளவு போன மாதம் எட்டு. இப்போது பத்து!

"அட, எப்படிம்மா ஏறிச்சு?" என்றாள் நர்ஸ்.

மாமியார் நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

"மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு டீ ஆகாது, குடிச்சா சத்து உடம்புல சேராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இவ கேட்டாத்தானே! கீழ கொட்டினா வேற டீ போடுறா. நானே குடிச்சிட்டா, பெரியவங்களை என்ன சொல்றதுன்னு கம்முனு போயிடுறா. இந்த நெஞ்செரிச்சல்தான் தாங்க முடியல."

"அப்போ உங்களுக்கு டீ பிடிக்கவே பிடிக்காதா அத்தை?"

"வாசனையே ஆகாதுடி!"

எதிர்வீட்டுக்காரி ஓசைப்படாமல் வாசற்பக்கம் நகர்ந்தாள்.

"ஏன் மெதுவா போறீங்க?" என்றாள் மாமியார். "உங்க மருமக மாத்திரை போடுற நேரமும் இதுதானே? நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. இன்னிக்கே, இப்பவே ஓடுங்க. ஓடிப்போய் அந்த டீயை நீங்க குடிச்சிடுங்க!"