நாலாவது ஊதல்

நுரையீரல் ஆராய்ச்சிக் கூடத்தில் நோயாளிகளை ஊதச் சொல்வதுதான் என் வேலை. ஒருவர் மூன்று முறை ஊத வேண்டும். எது அதிகமோ அதுதான் செல்லும்.

அன்று நாற்காலியில் இருந்தவர் என் அப்பா. முப்பது வருஷம் கல் உடைக்கும் ஆலையில் தூசி தின்றவர். புது மருந்துச் சோதனையில் சேர, மூச்சு, ஆரோக்கியமானவர் ஊதுவதில் ஐம்பது சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அந்தத் தகுதியாவது எங்கள் வீட்டில் தாராளமாக இருந்தது.

"ஊதுங்கப்பா, விடாதீங்க, இன்னும், இன்னும்."

"என்னை அதட்டத்தான் படிச்சியாம்மா?"

முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பது சதவீதம். கருவியின் அட்டைக் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் துண்டில் இருமினார். அப்போது திரையில் நாலாவது கோடு எழுந்தது. நூற்றிரண்டு. கருவியைக் காலையில்தான் சரிபார்த்திருந்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். "அதிகமா இருக்கிறதைத்தான் எடுக்கணும். விதி தெரியும்ல?"

"அவர் இருமுறது காதுல விழலையா சார்?"

"பதிவானதை அழிக்க முடியாதும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா என் கையைப் பிடித்தார். "விடும்மா. எவன் ஊதினானோ, நல்லா இருக்கட்டும்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

டாக்டர் 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். நான் குப்பைத் தொட்டியில் போடுவதற்காகக் குழாயைக் கழற்றினேன். அது என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக, நிதானமாக ஊதிக்கொண்டிருந்தது.