ஓட்டில் கீறிய பெயர்

கல்லூரியில் தொல்லியல் கற்பித்த ஸ்வர்ணா, ஞாயிறு மாலைகளில் பொதுமக்களுக்கும் சொற்பொழிவு ஆற்றி வந்தாள். எழுமலைப் பக்கம் இறந்தவரைப் புதைத்த ஈமத்தாழிக்குள் கிடைத்த பானை ஓட்டைத் திரையில் காட்டி, அதில் கீறியிருந்த பழைய எழுத்துகளை வாசிப்பாள். “சாத்தன்.”

2003 மாசியில் கோச்சடை மன்றத்தில் அவள் அதை வாசித்தபோது, தெருவிலிருந்து ஓர் ஆண்குரல் “வாரேன்” என்றது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அடுத்த மாதம் உசிலம்பட்டியில் வாசித்தாள். அதே குரல் வாசற்படியில் கேட்டது. “வாரேன்.” வாசலில் ஆள் இல்லை. “எவனோ விளையாடுறான் மேடம்,” என்றார் கூட்டங்களை நடத்தும் செல்வக்குமார்.

மூன்றாவது கூட்டம் அழகர்கோவில் சாலையில் ஒரு பள்ளியில் நடந்தது. அந்தப் படத்தைக் காட்டாமலே ஸ்வர்ணா பேச்சை முடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல எழுந்த செல்வக்குமார், “மேடம் ஒண்ண மறந்துட்டாக. தாழியில இருந்த அந்தப் பேரு...” என்று கையிலிருந்த நோட்டீஸைப் பிரித்தார்.

“வேணாம் சார், வாசிக்காதீங்க!”

அதற்குள் அவர் வாசித்துவிட்டார்.

எந்தக் குரலும் வரவில்லை. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்வர்ணாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெண், பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு சற்று நகர்ந்தாள்.

“உக்காருங்கண்ணே,” என்றாள், காலி நாற்காலியைப் பார்த்து.